வாசித்துக் காட்டாத கடிதம்

தானாக வாசிக்க இயலாத ஒருவருக்காக எழுதப்படும் எந்த ஆவணமும், அவர் கையொப்பமிடுவதற்கு முன், அவருக்கு விளங்கும் மொழியில் முழுமையாக வாசித்துக் காட்டப்பட வேண்டும். வாசித்துக் காட்டியவர் அதைத் தன் கையால் எழுதி உறுதிப்படுத்தவும் வேண்டும்.

இது விதி. நான் உண்டாக்கியது அல்ல. ஆனால் ரொறன்ரோவில் ஒரு மொழிபெயர்ப்பு நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் குந்தியிருந்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் முதல் நாள் காலையிலேயே இதை ஒப்புவிக்கச் செய்தவன் நான். பிறப்புச் சான்றிதழ், உயில், சத்தியக் கடதாசி, அகதிக் கோரிக்கை என்று தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் எத்தனையோ ஆயிரம் பக்கங்களைக் கடத்தியிருக்கிறேன். ஒரு தடவையும் இந்த விதியை மீறியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, யாரும் கேட்காமல், ஒரு தடவை மீறினேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திய இலையுதிர் காலம். நகரின் வோபர்ன் பகுதியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில், எங்களுக்கு எதிர்க்கதவில் ஒரு ஸ்லோவாக்கியர் தனியே இருந்தார். எண்பதைத் தாண்டியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் அவருடைய நாட்டுக்குள் ரஷ்ய டாங்கிகள் வந்தபோது ஓடிவந்து, ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு பட்டறையில் வேலை செய்து ஓய்ந்தவர். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போயிருந்தது. எதையும் நேராகப் பார்க்க முடியாது, ஓரத்தால்தான் தெரியும். என் முகத்தைப் பார்ப்பதற்கு என் காதைப் பார்ப்பார்.

அவரோடு பழக்கம் தொடங்கியது லிஃப்ட் வாசலில். லிஃப்ட் பழுது என்று பராமரிப்பாளர் ஒட்டிய அறிவித்தலில் மூன்று பிழைகள் இருந்தன. நான் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். திருத்தங்களோடு வாசித்துக் காட்டினேன்.

"திருத்தினாப்போலை லிஃப்ட் ஓடுமோ?" என்றார்.

அவர் பேசியது ஆங்கிலம்தான். இங்கே அதை எங்கள் ஊர்த் தமிழில் தருகிறேன். அவருடைய வாய்க்கு அதுதான் பொருந்தும். அன்றிலிருந்து என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "மினிஸ்டர்" என்பார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடக் கோடையில் ஒருநாள் கதவைத் தட்டினார். கையில் ஒரு கடிதம்.

"மினிஸ்டர், நான் உயிரோடை இருக்கிறன் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாரும். அவங்கள் நம்புறாங்கள் இல்லை."

இளமையில் தன் நாட்டில் வேலை செய்த சில வருடங்களுக்காக அந்நாட்டு ஓய்வூதிய அலுவலகம் அவருக்கு ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தது. வருடாவருடம் அவர் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். படிவம் எப்போதோ வந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. அலுவலகம் அவரைச் சாகடித்துவிட்டது.

எனக்கு ஸ்லோவாக் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அலுவலகம் என்பது எந்த நாட்டிலும் ஒரே மொழிதான் பேசும். "தங்கள் இன்ன திகதிய கடிதம் தொடர்பில்", "இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது", "தங்கள் துரித நடவடிக்கையை எதிர்பார்த்து" என்று ஆங்கிலத்தில் நான் எத்தனையோ வருடம் எழுதிய வாக்கியங்களை ஒவ்வொன்றாகக் கணினியில் இட்டு ஸ்லோவாக்கில் எடுத்தேன். அவருக்கு முன்பு வந்திருந்த அரசாங்கக் கடிதங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். ஒரு கொப்பியில் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஸ்லோவாக் என்று எழுதி வைத்தேன். ஐந்து வாரத்தில் பதில் வந்தது. அவர் உயிரோடிருப்பதை அலுவலகம் ஏற்றுக்கொண்டது.

அடுத்து அவருடைய ஊர்த் தேவாலயத்திலிருந்து ஞானஸ்நானப் பதிவின் பிரதி வேண்டியிருந்தது. பாதிரியாருக்கு எழுதும்போது ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுதுவதுபோல எழுத முடியாது. "தங்கள் துரித நடவடிக்கை" என்பது "தங்கள் கருணை மிகுந்த கவனம்" என்று மாறியது. அதுவும் பலித்தது. கொப்பியில் இரண்டாவது பகுதி திறந்தேன். முதல் பகுதிக்கு "அலுவலகம்" என்றும் இரண்டாவதுக்கு "கோயில்" என்றும் தலைப்பிட்டு, பக்கத்தில் ஒட்டும் வர்ணத்தாளும் வைத்தேன். இரண்டு வெற்றி போதும், மனிதனுக்குத் தலை கனத்துவிடும்.

ஒக்டோபர் மாதம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. கையெழுத்தில் விலாசம். உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது அரசாங்கம் இல்லை என்றார். தங்கையின் கடிதம். அவர் நாட்டைவிட்டு வந்த பிறகு முதல் சில வருடம் எழுதியிருக்கிறார்கள். தாய் இறந்தபோது தங்கை அறிவித்தாள்; இவர் போகவில்லை. போனால் சிறை. ஆனால் ஒரு வரிகூட எழுதவும் இல்லை. அதோடு தங்கையும் நிறுத்திவிட்டாள். நாற்பது வருடத்துக்கு மேல்.

கைபேசியால் அந்தக் கையெழுத்தை வாசிக்க முடியவில்லை. எனக்கும் முடியாது. அதனால் ஒரு வழி செய்தோம். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்: எஸ், மேலே ஒரு கொக்கி, பிறகு டி, பிறகு வால் உள்ள ஏதோ ஒன்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைச் சேர்ப்பார். சொல் பிடிபட்டதும் மேசையில் விரலால் தட்டுவார். மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை இருந்தோம். என் மனைவி இரண்டு தரம் தேத்தண்ணியும் ஒரு தரம் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தாள். மொத்தம் எட்டு வரி.

அம்மாவின் கல்லறைக் குத்தகை மார்கழியோடு முடிகிறது. அந்தக் குழியில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. உனக்கு வேண்டுமா இல்லையா என்று எழுது. எனக்குக் காது கேட்பதில்லை, தொலைபேசி எடுக்காதே. அதுதான் கடிதம். கடைசி வரியை மட்டும் என்னை இரண்டு தரம் எழுத்துக் கூட்டச் சொன்னார். "அப்போது எழுதாததை இப்போது எழுதினாலும் வாசிப்பேன்."

அண்ணனுக்குக் கண் இல்லை. தங்கைக்குக் காது இல்லை. இருவருக்கும் இடையில் மிஞ்சியிருந்தது கடதாசி மட்டும். அந்தக் கடதாசி என் கையில் இருந்தது.

"எழுதும்," என்றார். "முதல் வரியிலேயே ஓம் எண்டு எழுதும். இடத்தை வைச்சிரு, நான் வருவன். சாம்பலாய் எண்டாலும் வருவன். அம்மா செத்த நேரம் எழுதாதது பயத்திலை. என்ரை கடிதத்தை உடைச்சுப் பாத்தால் உன்னை வேலையாலை நிப்பாட்டுவாங்கள் எண்டு பயந்தன். பிறகு எழுதாதது வெக்கத்திலை. என்னை மன்னிச்சுக்கொள். அவ்வளவுதான், மினிஸ்டர். அதுக்கு மேலை ஒண்டும் போடாதையும்."

நான் குறிப்பெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மேசையில் இருந்தேன். இருபத்திரண்டு வருடமும் எனக்குப் பின்னால் வந்து நின்றது.

முதல் கடிதத்தில் ஒருபோதும் சம்மதம் சொல்லக் கூடாது. முதலில் பத்திரங்களைக் கேட்டு வாங்க வேண்டும். எனவே "ஓம்" போயிற்று. மன்னிப்புக் கேட்பது பொறுப்பை ஒப்புக்கொள்வதாகும். எனவே மன்னிப்பும் போயிற்று. பயம், வெட்கம் ஆகியவை விடயத்துக்குப் புறம்பானவை. மிஞ்சியதை நான் திருத்தமாக எழுதினேன். அலுவலகப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது:

"தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றதை நன்றியுடன் உறுதிப்படுத்துகிறேன். மேற்படி கல்லறை தொடர்பாகத் தாங்கள் எழுப்பிய வினா கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது. இது குறித்துத் தீர்மானிக்க ஏதுவாக, தற்போதைய குத்தகை ஒப்பந்தத்தின் பிரதியொன்றை அனுப்பிவைத்தால் நன்றியுடையவனாவேன். கடந்த காலத்தில் தொடர்பாடலில் ஏற்பட்டிருக்கக்கூடிய தாமதத்தினால் தங்களுக்கு அசௌகரியம் ஏதும் நேர்ந்திருப்பின், அதற்காக வருந்துகிறேன்."

நாற்பது வருட மௌனத்துக்கு நான் கொடுத்த பெயர், தொடர்பாடலில் ஏற்பட்டிருக்கக்கூடிய தாமதம்.

என் மனைவி தோளுக்கு மேலால் ஆங்கிலப் பிரதியை வாசித்தாள். அவள் இங்கே பள்ளிக்கூடமொன்றில் மதிய உணவு மேற்பார்வையாளராக இருந்தவள். விதிகள் அவளைப் பெரிதாகத் தொட்டதில்லை.

"இஞ்சருங்கோ, அந்தாள் கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சொன்னதை நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான். உதிலை அந்தாள் எங்கை?"

"கையெழுத்திலை இருப்பார்," என்றேன்.

"வடிவாய் இருக்கு. எனக்கு முந்தி எழுதின கடிதத்திலையும் உப்பிடித்தான், 'மேற்படி விடயம்' எண்டு போட்டு எங்கடை கலியாணத்தைப் பற்றி எழுதினனீங்கள். நான் எண்டபடியால் வந்தன்." கதவடியில் நின்று திரும்பினாள். "அனுப்ப முன்னம் ஒருக்கா அவருக்கு வாசிச்சுக் காட்டுங்கோ."

விதியை எனக்கு அவள் நினைவூட்டினாள். அவளுக்கு அது விதி என்றே தெரியாது.

கணினி அதை ஸ்லோவாக்கில் போட்டுத் தந்தது. ஒரு பிழையும் இல்லை. அந்த மொழி தெரிந்தவர்களும் பிறகு அப்படித்தான் சொன்னார்கள். ஒரு பிழையாவது இருந்திருந்தால் நான் இன்று அதன்மேல் பழியைப் போட்டிருப்பேன்.

வாசித்துக் காட்ட வழி இருந்தது. எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கலாம். தங்கையின் கடிதத்தை அப்படித்தானே வாசித்தோம். அது வேண்டாமென்றால், கணினித் திரையின் மூலையில் ஒலிபெருக்கிப் படம் ஒன்று இருந்தது. அழுத்தினால் அதுவே ஸ்லோவாக்கில் வாசித்திருக்கும். நான் அழுத்தவில்லை. நேரமில்லை என்று அப்போது எனக்கு நானே சொன்னேன். ஓய்வு பெற்றவனுக்கு என்ன நேரமில்லை? உண்மை வேறு. வாசித்தால் அவர் என் வாக்கியங்களை எடுக்கச் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் கடிதத்தை அவர் முன் வைத்து, கையொப்பமிட வேண்டிய இடத்தில் அவருடைய விரலைப் பிடித்து வைத்தேன்.

"நான் சொன்னதெல்லாம் இருக்கோ?" என்று என் காதைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாம் அடங்கியிருக்கு," என்றேன்.

கையொப்பம் கோட்டுக்கு மேலே ஏறி, சரிந்து போயிருந்தது. பதிவுத் தபாலில் அனுப்பினேன். நவம்பர் கடைசியில், பெறுபவர் கையெழுத்து வைத்து வாங்கினார் என்று இணையத்தில் காட்டியது. அதை அவரிடம் சொன்னேன். சின்னப் பிள்ளைபோல இரண்டு கையையும் உரசிக்கொண்டார்.

பிறகு தினமும் பதினொரு மணிக்கு, தபால்காரர் வந்துபோனதும், கீழே தபால்பெட்டியடியில் நிற்பார். நான் அவருடைய பெட்டியைத் திறந்து பார்ப்பேன். பீட்சாக் கடை விளம்பரம், காது கேட்கும் கருவி விளம்பரம். டிசம்பர் போயிற்று. நத்தார்ப் பண்டிகைக்கு அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அப்பம் என்றால் அவருக்கு விருப்பம், அன்று ஒன்றோடு எழும்பிவிட்டார்.

"அவளுக்குக் கோவம்," என்றார். "கோவிக்க அவளுக்கு உரிமை இருக்கு. நான் மன்னிப்புக் கேட்டன். அவள் வேண்டாமெண்டு விட்டிட்டாள்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் திறந்தேன், வேறு எதற்கோ.

"ஆறு வாரம் கழிச்சு ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்பலாம். அதுதான் வழமை," என்றேன்.

"மன்னிப்புக்கு ரிமைண்டர் அனுப்புறதோ, மினிஸ்டர்?" என்றார். சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் தபால்பெட்டிக்கு வருவதை நிறுத்தினார்.

பெப்ரவரியில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே நோயாளிகளைப் பார்க்க வரும் தொண்டர்களில் ஒரு ஸ்லோவாக் பெண் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், பிக்கரிங்கிலிருந்து ரயிலில் வருபவர். ஆஸ்பத்திரி கேட்ட பத்திரங்களைக் கொடுப்பதற்காக முதியவருடைய கோப்பை நான் கொண்டுபோயிருந்தேன். ஒழுங்காக, திகதி வரிசையில். அந்தப் பெண் தன் மொழிக் கடிதங்களைக் கண்டு ஆசையோடு புரட்டினார். தங்கைக்கு எழுதிய கடிதத்தில் நின்றார்.

"இதை நான் வாசிக்கட்டுமா?" என்று கட்டிலில் கிடந்தவரிடம் கேட்டார். அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

அந்தப் பெண் உரக்க வாசித்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் குரல் எனக்கு விளங்கியது. விமான நிலையத்தில் அறிவித்தல் வாசிப்பதுபோல இருந்தது. முதியவர் முதலில் புருவத்தைச் சுருக்கினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். ஒட்சிசன் குழாய் ஆடும்படி சிரித்தார், இருமினார்.

"மினிஸ்டர், என்ரை தங்கச்சியிட்டை வரி கேட்டு எழுதியிருக்கிறீர்!"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தரமான கடிதம் என்றோ, நடைமுறை என்றோ சொல்லியிருப்பேன்போல. அதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் இந்த முறை என் காதைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப அவள் வேண்டாமெண்டு சொல்லேல்லை," என்றார். "நான் கேக்கவேயில்லை."

இரண்டு மாதம் அந்த மனிதர், தன் தங்கை மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு படுத்து எழும்பியிருக்கிறார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். திட்டவில்லை. அந்தப் பெண்ணிடம் கடதாசி எடுக்கச் சொன்னார்.

தன் மொழியில், மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். அந்தப் பெண் பேனாவால் எழுதினார். ஐந்தாறு வரிதான். நான் கட்டில் கால்மாட்டில் நின்று கேட்டேன். அம்மாவைக் குறிக்கும் சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அது எல்லோருடையதையும்போலத்தான் இருந்தது. எழுதி முடிந்ததும் அந்தப் பெண், நான் ஒன்றும் சொல்லாமலே, முதல் வரியிலிருந்து கடைசிவரை அவருக்கு வாசித்துக் காட்டினார். அவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு கையொப்பமிட்டார். இந்தத் தடவை விரலைப் பிடித்து வைத்தது நான் அல்ல.

தபால் நிலையத்துக்குக் கொண்டுபோகிற வேலையை மட்டும் என்னிடம் தந்தார்கள். இருக்கிறதிலேயே விரைவான சேவையைக் கேட்டேன். இடையில் பனிப்புயல், வார இறுதி என்று அதுவும் தன்பாட்டில்தான் போயிற்று.

மார்ச் இருபத்தாறாம் திகதி விடியப்புறம் அவர் போய்விட்டார். உறவு என்று எழுதும் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்காரர் என் பெயரைப் போட்டிருந்தார்கள். 'அயலவர்' என்று திருத்தினேன்.

பதில் என் விலாசத்துக்கு வந்தது. இரண்டாவது கடிதத்தில் திருப்பி எழுதும் விலாசமாக அவர் என்னுடையதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து அதை மொழிபெயர்த்துச் சொன்னார். என் மனைவி நின்றுகொண்டே கேட்டாள்.

இடம் இருக்கிறது, என்று தங்கை எழுதியிருந்தாள். குத்தகையை மார்கழியிலேயே என் பெயரில் நீட்டிவிட்டேன்; உனக்கும் சேர்த்துத்தான். உன் முதல் கடிதம் ஏதோ அலுவலகத்திலிருந்து வந்தது. நீ செத்துவிட்டாய், உன் காரியங்களை யாரோ அதிகாரி பார்க்கிறார் என்று நினைத்தேன். கையெழுத்தும் உன்னுடையதுபோல இல்லை. எந்த அலுவலகம் என்று அறிய நகரசபைக்குப் போனேன், தபால் கந்தோருக்குப் போனேன், பாதிரியாரிடமும் போனேன். எல்லோரும், எழுத்தில் கேள், எழுத்தில் பதில் தருகிறோம் என்றார்கள். நீ என்ன நோய் வந்து செத்தாய் என்று கேட்டு நான்கு மாதம் திரிந்தேன். இப்போது உன் கடிதம் வந்திருக்கிறது. இதை வாசித்ததும் புறப்படு. மன்னிக்கிறதுக்கு ஒன்றும் இல்லை, வா.

அந்தப் பெண் வாசித்து முடித்ததும் என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். தண்ணீர்க் குழாய் திறந்து கிடந்த சத்தம் கேட்டது. எதையும் கழுவும் சத்தம் கேட்கவில்லை.

அவருடைய சாம்பல் கோடைகாலத்தில் ஊர் போய்ச் சேர்ந்தது. தூதரக அனுமதி, மரணச் சான்றிதழ், தகனச் சான்றிதழ், அவற்றுக்கு அத்தாட்சிபெற்ற மொழிபெயர்ப்பு, விமான நிறுவனத்துக்கான கடிதம் எல்லாவற்றையும் நானே செய்தேன். ஒரு படிவமும் திரும்பி வரவில்லை. அந்தக் கடிதங்களில் என் வாக்கியங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. தங்கைக்கு மட்டும் நான் எழுதவில்லை. நடந்ததை அந்தப் பெண்ணிடம் வாயால் சொன்னேன், மன்னிப்பையும் சேர்த்து. அவர் எழுதி, எனக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வைத்தேன்.

கொப்பி இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. "அலுவலகம்", "கோயில்" என்ற இரண்டு தலைப்புக்கும் பிறகு வெறும் பக்கங்கள். ஒரு மனிதர் தன் தங்கைக்குச் சொன்ன "ஓம்" என்ற ஒரு சொல்லை, எனக்குத் தெரிந்த விதிகளெல்லாம் சேர்ந்து நான்கு மாதம் தடுத்து வைத்தன என்பதை, இன்று யாராவது "எழுதித் தாருங்கோ அங்கிள்" என்று வந்து நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்; எழுதியதை முதலில் அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

வரும் கடிதம் எதுவானாலும் வலது மூலையில் பென்சிலால் கிடைத்த நாளைக் குறிப்பது என் பழக்கம். தங்கையின் கடிதத்திலும் யோசிக்காமல் குறித்திருக்கிறேன். பெற்றது: ஏப்ரல் நான்கு.